ஒன்று அதிகமாகக் காட்டிய திரை

மதியம் இரண்டரை மணிக்கு அந்த வீட்டு மணியை அடித்தேன். ஒரே அச்சில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் அது கடைசி. பக்கத்து வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இந்த வீட்டில் மட்டும் எல்லா ஜன்னல் திரைகளையும் இழுத்து மூடியிருந்தார்கள்.

கதவைத் திறந்த வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் பையைப் பார்த்தார்.

"சீக்கிரம் முடிஞ்சிருமா சார்?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெறும் வைரஸ்தான்னு என் மனைவி முன்னாடி ஒரு வார்த்தை தெளிவா சொல்லிடுங்க. அது போதும்."

எனக்கு அப்போதே ஏதோ இடித்தது. பதினாறு வருஷமாக வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். வேலை முடியுமுன்பே பதிலைக் கையில் கொடுக்கிறவர்களை நான் நம்புவதில்லை. சொல்லப்போனால் யாரையுமே நம்புவதில்லை. திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை ஓடிக்கொண்டிருக்கும். இதைக் காட்ட யார் 'அனுமதி' கொடுத்தது என்று கேட்டால் வீடே கையை விரிக்கும். அதுவாக வந்துவிட்டதாம்!

கூடத்து மூலையில் கம்ப்யூட்டர். எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டி அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. மடியில் எட்டு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே அந்த வெயில் அடித்தும், காயாத துணியை மடித்து வைத்த வாடை கூடத்தில் இருந்தது.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டதும் சைரன் கத்தியது. சிவப்புக் கட்டம் எழுந்தது.

'எச்சரிக்கை! 5 ஆபத்துகள் கண்டறியப்பட்டன.'

வீட்டுக்காரர் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தப் போனார். கையைப் பிடித்துவிட்டேன். அந்தக் குறியும் படத்தோடு படமாக வரைந்ததுதான். மூடுகிறோம் என்று நினைத்து அழுத்தினால் உள்ளே வா என்று சொன்னதாக ஆகிவிடும். நான் பிரவுசரையே வேறு வழியாக மூடினேன். இதெல்லாம் பயமுறுத்திப் பிடுங்கும் கூட்டத்தின் வேலை, இல்லாத வைரஸை இருப்பதாகக் காட்டுவார்கள் என்று விளக்கினேன்.

"அண்ணா, அந்த நம்பரைப் பாத்தீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"அஞ்சுன்னு போட்டிருந்துச்சும்மா."

"இப்ப வீட்டுல நாலு பேர் இருக்கோம். நானும் பாப்பாவும் மட்டும் இருந்தா மூணு காட்டும். இவர் ஆபீஸ்லேர்ந்து வந்தா நாலு. எப்பவும் ஒண்ணு அதிகம்."

"ஆரம்பிச்சுட்டா," என்றார் வீட்டுக்காரர்.

என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார். இரண்டு மாதமாக அவள் சரியாகத் தூங்குவதில்லை. தொட்டில் பக்கத்தில் ஏதோ நிற்கிறதாம். தான் விழித்திருக்கும்வரை குழந்தையிடம் நெருங்காதாம். நாளைக்கு மனநல டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறது. அவள் சரியாகும்வரை குழந்தை அவருடைய அக்கா வீட்டில் இருக்கும். அக்கா கிளம்பி வந்துகொண்டிருக்கிறார்.

"குழந்தையைக் குடுக்க மாட்டேங்குறா சார். கம்ப்யூட்டரே சொல்லுதுங்குறா. அது பொய்னு நீங்க சொன்னா மறுபேச்சு பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கா."

இப்போது எனக்குச் சந்தேகம் அவர் மேலேயே திரும்பியது. பெண்டாட்டியைப் பைத்தியக்காரி ஆக்க இவரே ஏன் இதை ஏற்றி வைத்திருக்கக் கூடாது? உட்கார்ந்து துருவினேன். அந்த எச்சரிக்கையை அனுப்பும் இணையப் பக்கம் முதல் முறை திறந்தது ஒரு புதன்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு. அந்த நேரம் அவர் ஆபீஸில். வீட்டில் தாயும் குழந்தையும்தான்.

"நீங்கதான் அனுமதி குடுத்திருக்கீங்கம்மா."

"இல்லண்ணா. இதோ இந்த இடத்துல உக்காந்து பாப்பாவுக்குப் பால் குடுத்துக்கிட்டிருந்தேன். அந்த மவுஸ் அம்பு தானா நகர்ந்து போய் அழுத்துச்சு."

எல்லா வீட்டிலும் கேட்ட கதைதான். என் சந்தேகம் அவரை விட்டுவிட்டு அவளிடம் போய் உட்கார்ந்தது.

வாசலில் கார் நின்றது. நாத்தனார் உள்ளே வந்தார். வரும்போதே குழந்தையின் துணிப்பை எங்கே என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார். அவர் செருப்பைக் கழற்றிக் கூடத்தில் கால் வைக்கவும் மறுபடி சைரன் கத்தியது.

'6 ஆபத்துகள் கண்டறியப்பட்டன.'

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். இந்த எண்கள் ஏறிக்கொண்டேதான் போகும்; பயம் ஏற வேண்டாமா?

வேலையை ஆரம்பித்தேன். நெட் கேபிளைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தேன். அனுமதிப் பட்டியலில் இருந்த தளத்தைத் தூக்கினேன். கூடவே பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு எக்ஸ்டென்ஷன்களையும் நீக்கினேன். பிரவுசரின் பழைய தடயங்களை வழித்தெடுத்து, நிஜமான ஆன்டிவைரஸை வைத்து முழுச் சோதனை ஓட்டினேன். முக்கால் மணி நேரம் திரை சாதுவாக இருந்தது.

"முடிஞ்சுதா?" என்றார் நாத்தனார்.

"முடிஞ்சுது. சுத்தமான டுபாக்கூர். இதுல ஒண்ணுமே இல்ல."

என் வேலையில் எனக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு. அதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

அந்தப் பெண் குழந்தையின் தலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். வீட்டுக்காரர் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார். டிக்கியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

திரை சிவந்தது.

இந்த முறை சைரன் இல்லை.

'5 ஆபத்துகள் கண்டறியப்பட்டன.'

கேபிள் மேஜைமேல் கிடந்தது. நெட் இல்லை, அனுமதி இல்லை. அது கூடப் பரவாயில்லை. எங்கோ ஒரு மிச்சம் ஒளிந்திருக்கும் என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் எண் இறங்கியிருந்தது. பதினாறு வருஷத்தில் நான் பார்த்த ஒரு திருட்டு எச்சரிக்கையிலும் எண் இறங்கியதில்லை. எந்தத் திருடனாவது பயத்தைக் குறைப்பானா?

வீட்டுக்குள் இப்போது அவள், குழந்தை, நாத்தனார், நான்.

நாலு.

நாத்தனார் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்; பார்க்கவில்லை. இப்போதுதான் 'ஒண்ணுமே இல்ல' என்று மார் தட்டியிருக்கிறேன். சட்டென்று மானிட்டரை அணைத்துவிட்டேன்.

அந்தப் பெண் பார்த்துவிட்டாள். திரையை அல்ல, என் விரலை.

"அண்ணா," என்றாள் மெதுவாக. "எதுக்கு அணைச்சீங்க? மறுபடி வந்துச்சா? எண் மாறுச்சா? அண்ணி முன்னாடி சொல்லுங்கண்ணா. உங்க பேச்சைத்தான் கேப்பாங்க."

நாத்தனார் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் வரலம்மா," என்றேன். "வேலை முடிஞ்சுது, அணைச்சேன்."

இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. பயத்தில் சொன்ன பொய் கூட இல்லை அது. வேலை தெரியாதவன் என்று ஆகிவிடுமே என்ற வெட்கத்தில் சொன்ன பொய். அதற்குப் பிறகு அவள் வாதாடவில்லை. சத்தியம் செய்தவள் அல்லவா, எழுந்து குழந்தையை நாத்தனார் கையில் கொடுத்தாள். அவள் கைகள் கொஞ்ச நேரம் அந்த நிலையிலேயே நின்றன.

"பின்னாடி உக்காந்தா எனக்குத் தலை சுத்தும்," என்று சொல்லி நாத்தனார் முன்னால், வண்டி ஓட்டிய தம்பியின் பக்கத்தில் ஏறிக்கொண்டார். குழந்தையைப் பின் சீட்டில், அதற்கான இருக்கையில் பெல்ட் போட்டுக் கட்டினார்கள். கார் போய்விட்டது. ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவதாக வீட்டுக்காரர் சொன்னார்.

நான் உள்ளே போய் என் சாமான்களை அள்ளிப் பையில் போட்டேன். எப்படியாவது அந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது. அவள் நேராக வந்து மானிட்டரைப் போட்டாள்.

சிவப்புக் கட்டம் காத்துக்கொண்டிருந்தது.

'2 ஆபத்துகள் கண்டறியப்பட்டன.'

எனக்கு மூச்சு வந்தது. "பாத்தீங்களாம்மா, உங்க கணக்கே தப்பு. நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. ரெண்டுதான் காட்டுது. அதிகமா ஒண்ணும்..."

சொல்லி முடிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன்.

முதல் முறையாகக் கணக்கு சரியாக இருந்தது.

"அது இங்க இல்ல," என்றாள்.

அவள் போனை எடுத்துப் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள். நாலு முறை மணி அடித்த பிறகு வீட்டுக்காரர் எடுத்தார்.

"இப்பதானே கிளம்பினோம்? அதுக்குள்ள என்ன?"

"பாப்பா என்ன பண்றா?"

"முழிச்சுட்டா. நல்லாத்தான் இருக்கா. பின்னாடி சிரிச்சுக்கிட்டிருக்கா."

"யாரைப் பாத்து?"

அவர் பதில் சொல்லுமுன் அந்தப் பக்கம் சைரன் கத்தியது. எனக்கு மனப்பாடமான அதே சைரன்.

"டேய்," என்று நாத்தனார் குரல் கேட்டது. "உங்க வீட்டுச் சனியன் என் போன்லயும் வந்துருச்சுடா. நாலு ஆபத்துன்னு போட்டிருக்கு."

"வண்டியில எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

போனில் காரின் இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, பின்னாடி போ. பாப்பாவைத் தூக்கு," என்றார் வீட்டுக்காரர். அந்தக் குரல் வேறு மாதிரி இருந்தது. "வரோம். திரும்பி வரோம்."

பத்து நிமிஷம் அவள் வெறுங்காலோடு கேட்டருகில் நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். தார் சாலை கொதித்தது. அவளுக்கு அது தெரிந்த மாதிரி இல்லை.

கார் வந்து நிற்பதற்குள் பின்கதவைத் திறந்துவிட்டாள். நாத்தனார் குழந்தையைக் கொடுத்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று கூடச் சொல்லாமல், கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழந்தை தாயின் கன்னத்தைப் பிராண்டியது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அழுதுவிடுவேன் போலிருந்தது.

"சார், நீங்கதானே ஒண்ணுமில்லன்னீங்க?" என்றார் வீட்டுக்காரர்.

இனியும் பூசி மெழுக முடியவில்லை. "நான் பாத்தேன். நீங்க வெளியே போனதும் எண் இறங்குச்சு. மறைச்சுட்டேன். உங்க மனைவி சொன்னதெல்லாம் உண்மை."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அவள் பக்கம் திரும்பினார். "நீ வண்டியில தூங்கு. இன்னிக்கு நான் முழிச்சிருக்கேன்," என்றார். அவள் அப்போதுதான் விம்மினாள்.

நாத்தனார் நீட்டிய போனில் ஆறு இருந்தது. தெருவில் ஐந்து பேர் நின்றோம். ஒருவரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டைப் பூட்டவில்லை அவர்கள். கதவைச் சாத்தினதோடு சரி. அக்கா வீட்டுக்கு எல்லோருமாகப் போவதென்று முடிவாகியது. இந்த முறை குழந்தை தாயின் மடியில், வீட்டுக்காரர் அவள் பக்கத்தில் பின்னால் உட்கார்ந்தார், நாத்தனார் ஓட்டினார்.

"நான் விலகினதும் நம்பரைப் பாத்து எனக்கு ஒரு போன் பண்ணுங்க," என்றேன். நாலு பேர், ஒன்று அதிகம், ஐந்து வரும். வந்தால் இந்த மாதிரி விஷயம் தெரிந்த ஆட்கள் யாரையாவது கேட்கலாம், ஏதாவது செய்யலாம். என்ன செய்யலாம் என்று எனக்கே தெரியாது. இருந்தாலும் அப்படிச் சொன்னேன்.

அவர்கள் வலப்பக்கம் போனார்கள். நான் பைக்கை இடப்பக்கம் திருப்பினேன். பெரிய சாலை வந்ததும் சிக்னலில் நின்றேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம். சுற்றிலும் வண்டிகளும் இரைச்சலுமாக இருந்தது. போன் அடித்தது.

"சார்!" வீட்டுக்காரர் அழுதுகொண்டே சிரித்தார். "நாலு சார்! சரியா நாலு காட்டுது! மூணு தடவை பாத்துட்டோம். போயிருச்சு சார், எங்களை விட்டுப் போயிருச்சு! இவ பாப்பாவைக் கட்டிக்கிட்டுத் தூங்கிட்டா."

"ரொம்ப சந்தோஷம்," என்றேன். மெய்யாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது.

போனை வைத்தேன். பச்சை விழுந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. பக்கத்தில் ஸ்கூட்டரில் தகப்பனுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த ஒரு சின்னப் பெண், என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக் கையசைத்தாள்.