பதினான்காம் கேள்விக்கு விடை

பதினான்காம் கேள்விக்கு “இல்லை” என்று சொல்வதற்கு முன் ஒன்றரை விநாடி விட வேண்டும். உடனே சொன்னால் மனப்பாடம் என்று முன்னுணர்மானி கண்டுபிடித்துவிடும். மூன்று விநாடி ஆனால் வேறு எதையாவது கண்டுபிடித்துவிடும்.

“ஆளில்லாதப்போ குரல் கேக்குதா?” என்றார் டியூஷன் மாஸ்டர் செங்கோட்டுவேலு.

“இல்லைங் சார்!” என்றது பிளஸ் ஒன் வகுப்பு, ஒன்றரை விநாடி கழித்து, ஒரே குரலில்.

முன்னுணர்மானி நல்ல கருவிதான். பதினாறு வயதுப் பிள்ளையைப் பத்து நிமிடம் பேசவிட்டு, பேச்சு எங்கே தாவுகிறது, எங்கே தயங்குகிறது என்று கேட்டு, மனச்சிதைவு வர வாய்ப்புண்டா என்று இரண்டு வருடம் முன்பே சொல்லிவிடும். முன்பே தெரிந்தால் முன்பே வைத்தியம். அவ்வளவுதான் நோக்கம். ஆனால் மதிப்பெண் என்று ஒன்று வந்தபிறகு டியூஷன் வராமல் இருக்குமா? கல்லூரிகள் ‘மனம் தெளிவு’ என்ற பச்சைச் சீட்டைக் கேட்க ஆரம்பித்ததும், திருச்செங்கோட்டில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த செங்கோட்டுவேலு மனத்துக்கு மாறிவிட்டார். கணக்கைவிடச் சுலபம்; ஸ்டெப் போட வேண்டியதில்லை.

வாசலில் ஃபிளெக்ஸ். அதில் தன்ஷிகா, மனத்தெளிவு 100/100. பக்கத்தில் அவளைவிடப் பெரிதாக மாஸ்டர்.

அந்தத் தன்ஷிகா ஒரு மத்தியானம் வந்து நின்றாள்.

“சார், பதினாலாம் கேள்வி...”

“அதான் முடிஞ்சுதே கண்ணு. நூறு வாங்கிட்டியே!”

“ஃபேன் ஓடறப்ப யாரோ என்னயப் பத்திப் பேசறாங்க சார். பரீட்சைக்கு முன்னாலயே இருந்து. ஃபேன் சத்தம்தான்னு தெரியுது. சில நேரம் தெரியல.”

மாஸ்டர் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அவளுடைய அப்பா பொன்னுசாமி, போர்வெல் வண்டிக்காரர், மாஸ்டர் போய்ச் சொன்னதை நம்பவே இல்லை. “நூத்துக்கு நூறு வாங்குன புள்ளைங்க. நீங்கதானுங்களே ஃபிளெக்ஸ் வெச்சீங்க?”

செங்கோட்டுவேலு ஒன்றரை விநாடி யோசித்தார். கெஞ்சித்தான் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

பச்சைச் சீட்டுக்காரருக்கு டாக்டரைப் பார்க்க டோக்கன் கிடையாது. மறுபடி சோதனை செய்து சிவப்பு வந்தால்தான். தன்ஷிகா கருவியின் முன் உட்கார்ந்தாள். பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். மறுபடியும் நூறு.

“உள்ளதச் சொல்லுன்னு சொன்னேனே கண்ணு!”

“சொல்லத்தான் நெனச்சேன் சார்.” அவள் கண் கலங்கியது. “வாய் தானா இல்லைங்குது.”

நாலு வருட ஆசிரியப் பணியில் அவர் பாடம் இவ்வளவு ஆழமாக யாருக்கும் பதிந்ததில்லை. போர்வெல்காரரே அசந்துபோனார்.

டோக்கன் இல்லாமலே டாக்டரின் கதவைத் தள்ளினார் மாஸ்டர். தன்னுடைய நோட்ஸை மேசைமேல் வைத்தார். நாற்பது பக்கம், தயங்க வேண்டிய இடங்களில் புள்ளி வைத்தது.

“அந்த நூறு என்னுதுங்க மேடம். புள்ளையோடது இல்ல.”

அந்த அம்மாள் நோட்ஸைப் புரட்டினார். தன் மேசையில் இருந்த கருவியை அணைத்தார். தன்ஷிகாவை உள்ளே அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டார். எந்த நோட்ஸிலும் இல்லாத கேள்வி. தன்ஷிகா அழுதாள், அப்புறம் ஒரு மணி நேரம் பேசினாள்.

“நல்லவேளை, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க,” என்றார் டாக்டர். பொன்னுசாமி மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

மறுநாள் ஃபிளெக்ஸ் இல்லை. மாஸ்டர் வகுப்பில் நின்றார்.

“பதினாலாம் கேள்விக்கு விடைய மாத்திக்குங்க. உள்ளதச் சொல்லணும்.”

“எத்தன விநாடி கழிச்சுங் சார்?” என்றாள் முதல் பெஞ்சு மாணவி.

முப்பது பேனாக்கள் “உள்ளதைச் சொல்லவும்” என்று எழுதி அடிக்கோடிட்டன. மாதிரித் தேர்வில் எப்போதும் முதலாவதாக வரும் கவின்ராஜ் மட்டும் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான்; பிறகு மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.