ஸ்லைடு எடுக்க வந்தவர்

மாயாபந்தர் படகு ஜெட்டியில் ஒரு புது ஆள் யாரிடமோ சொன்னது நீலாவதியின் காதில் தெளிவாக விழுந்தது.

"பஸ்தியில ஒரு வீடு பாக்கி இல்லாம ஸ்லைடு எடுத்தாகணும்."

நீலாவதி சட்டென்று தலையைத் தொட்டுப் பார்த்தாள். நல்லவேளை, முடியில் குத்திய ஸ்லைடு இருந்தது. மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்த சிவப்பு ஸ்லைடு!

அந்த ஆளின் தோளில் ஒரு பெட்டி தொங்கியது. அதில் நிறையத் திருட்டு ஸ்லைடுகள்தான் இருக்க வேண்டும்.

அவள் ஓடிப்போய்த் தோழிகளிடம் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் பஸ்திக் குடியிருப்பிலிருந்த பெண் பிள்ளைகள் எல்லாம் ஸ்லைடை ஒளித்துவிட்டுத் தலைவிரி கோலமாக நின்றார்கள்.

அந்த ஆள் தோழி சுசீலா வீட்டுக்குள் போனார். நீலாவதி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். உள்ளே சுசீலா காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தாள்.

"ஸ்லைடு எடுக்கணும், எழுந்திரும்மா."

"தர மாட்டேன்!" போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு சுசீலா அழுதாள்.

"பிள்ளை அழுவுது சார். அப்புறம் வாங்க," என்றாள் அவள் அம்மா பொன்னம்மா.

"மலேரியாவா இருந்தா ஆபத்தும்மா," என்று கவலையோடு வெளியே வந்தார் அவர்.

திருடன் எதற்குக் கவலைப்படுகிறான்? நீலாவதி வழியை மறித்தாள்.

"பெட்டியைத் திறந்து காட்டுங்க!"

அவர் திறந்தார். உள்ளே மெல்லிய கண்ணாடித் துண்டுகள், ஊசிகள், பஞ்சு.

"இந்தக் கண்ணாடிதான் ஸ்லைடு. ஒரு சொட்டு ரத்தத்தை இதுல தடவிப் பார்த்தா மலேரியாவான்னு தெரியும். நீ என்ன நினைச்சே?"

"தலையில குத்துற ஸ்லைடு..."

"அட! நல்லவேளை, பார்க்குல இருக்கிற சறுக்குமரத்தைப் பிடுங்க வந்தேன்னு சொல்லாம விட்டியே! அதுவும் ஸ்லைடுதான்."

நீலாவதிக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே உள்ளே போய்ச் சுசீலாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சுசி, நான் தப்பா சொல்லிட்டேன். இது வேற ஸ்லைடு. பாரு, முதல்ல என் விரல்."

பின்னாலேயே வந்தவர் ஊசியால் குத்தினார்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான்," என்றாள் நீலாவதி.

"அப்ப ஏன் கண்ணுல தண்ணி?"

"கொஞ்சம் பெரிய எறும்பு."

சுசீலா சிரித்துவிட்டாள். அவரிடம் வேறு ஊசி எடுக்கச் சொல்லிவிட்டு, தன் விரலையும் நீட்டினாள். அவர் அப்போதே மாத்திரையும் கொடுத்தார்.

ரத்தத்தைச் சோதித்ததில் சுசீலாவுக்கு வந்தது மலேரியாதான் என்று தெரிந்தது. மீதி மருந்தும் வந்தது. சில நாட்களில் நடுக்கம் நின்றது, பசி வந்தது. எப்படிப்பட்ட பசி!

மூன்றாவது தட்டு மீன்குழம்புச் சோற்றைப் போட்டுக்கொண்டே பொன்னம்மா சொன்னாள்: "இவளுக்குச் சோறு வடிச்சே எனக்குக் காய்ச்சல் வந்துடும் போலிருக்கு!"