திரும்பாத புள்ளி

படத்தைத் திருப்பினால் புள்ளியும் கூடவே திரும்ப வேண்டும். திரும்பவில்லை.

பிரவீனா பாயில் ஒருக்களித்துப் படுத்தபடி, இரண்டு விரலால் செல்போன் திரையை மறுபடியும் சுழற்றினாள். எங்கோ எட்டாத தூரத்தில் கிடக்கிற ஒரு விண்மீன் திரள், சுருண்ட கைகளை விரித்துக்கொண்டு, அவள் விரல் சொன்ன பக்கமெல்லாம் சமர்த்தாகச் சுழன்றது. அதன் மேல் மிளகளவுக்கு உட்கார்ந்திருந்த கருப்புப் புள்ளி மட்டும் இம்மிகூட நகரவில்லை.

பிற்பகல் நேரம். சுங்குவார்சத்திரத்தில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அறைக்குள்ளோ கும்மிருட்டு. நைட் ஷிஃப்ட் போகிறவர்கள் குடியிருக்கும் வீடு என்றால் அப்படித்தான். ஜன்னல் பூராவும் வெள்ளித்தாள் ஒட்டி, ஓரமெல்லாம் டேப் அடித்து, கதவிடுக்கில் துணியைத் திணித்து, பகலை வெளியே நிறுத்திவிட்டுத்தான் கண்ணை மூட முடியும். இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் பேட்டரி மெழுகுவத்தி ஒன்று சிவப்பாக எரிந்தது. பக்கத்தில் நாலு வயது மகள் ஜெர்சி, பவுடரும் வேர்வையும் கலந்த வாசனையோடு வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அவள் அப்பா நிர்மலுக்கு இன்று கம்பெனியில் ஓ.டி. அவன் வரும்வரை குழந்தைக்குப் பிரவீனாதான் காவல். இந்த மாதிரி நாளில் அவளுக்குப் பகலில் முழுத் தூக்கம் வருவதில்லை. கொஞ்ச நேரம் போனைப் பார்ப்பாள், கொஞ்ச நேரம் குழந்தையைப் பார்ப்பாள்.

அவளுக்கு வேலை கேமரா லென்ஸ் செய்கிற கம்பெனியில். கண் மட்டும் தெரிகிற வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, மைக்ராஸ்கோப்பில் குனிந்து, லென்ஸில் தூசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லாரி போகிறபோதெல்லாம் புழுதி கிளம்பி தோசை மாவு வரைக்கும் வந்து விழுகிற ஊரில், தூசியே இல்லாத அறைக்குள் உட்கார்ந்து தூசி தேடுகிற பிழைப்பு! அந்தப் பழக்கம்தான் அவளை வானத்துப் பக்கம் இழுத்துவிட்டது. விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கிகள் எடுத்த படங்களை இணையத்தில் போட்டு, ஆசைப்பட்டவர்கள் பார்த்து வகை பிரித்துக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தார்கள். சுருளா, உருண்டையா, தூசிப் பட்டை ஓடுகிறதா? அவளுக்குத் தூசி இருக்கிற படங்கள்தான் உசிர். சாதாரணப் படத்தில் கருப்பாக, வெறும் காலியாகத் தெரிகிற இடம், அகச்சிவப்பில் எடுத்த படத்தில் நட்சத்திரமாகக் கொட்டிக் கிடக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. அப்படியென்றால் அந்தக் கருப்பு காலியிடம் இல்லை, நடுவில் ஏதோ மறைத்துக்கொண்டு நிற்கிறது.

இந்தப் புள்ளி அந்த இரண்டு வகைப் படத்திலும் கருப்பாக இருந்தது. அடுத்த விண்மீன் திரளுக்குத் தள்ளினாள். அதிலும் இருந்தது. மிளகு இப்போது சுண்டைக்காயாகியிருந்தது.

கம்பெனி லைனில் இதற்கு ஒரு முறை உண்டு. லென்ஸைத் திருப்பு, தூசியும் திரும்பினால் அது லென்ஸில் இருக்கிறது. திரும்பாவிட்டால் மைக்ராஸ்கோப் கண்ணாடியைத் துடை. துடைத்தும் போகாவிட்டால் உன் கண்ணைப் பார். கண்ணிலும் இல்லையென்றால் காற்றில் மிதக்கிறது என்று அர்த்தம். அப்போது கையை ஆட்டாமல் அப்படியே உட்கார்ந்து ஆளைக் கூப்பிட வேண்டும். எக்காரணம் கொண்டும் வாயால் ஊதக் கூடாது. சூப்பர்வைசர் இளம்பரிதி, புதிதாகச் சேருகிற ஒருத்தரிடமும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. "ஊதுனா தூசி போவாதும்மா. எடந்தான் மாறும்."

நைட்டி ஓரத்தால் திரையைத் துடைத்தாள். போகவில்லை. போனை மெல்ல இடது பக்கம் நகர்த்தினாள். விண்மீன் திரள் போனோடு நகர்ந்து போனது. புள்ளி பின்தங்கிவிட்டது.

கண்தான், வேறென்ன, ராவெல்லாம் மைக்ராஸ்கோப், பகலெல்லாம் போன் என்று இருந்தால் கண் என்னத்துக்கு ஆகும் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அந்தத் திட்டு கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. லைனில் பக்கத்து சீட்டில் உட்காருகிற சில்வியாவுக்குப் படத்தை அனுப்பிவிட்டு, போன் போட்டாள்.

"இன்னாடி? இப்பத்தான் கண்ணசந்தேன், அதுக்குள்ள!"

"ஒரு படம் அனுப்பிக்கீறேன். நடுவுல கருப்பா எதுனா கீதா, பாத்து சொல்லேன்."

கொட்டாவிச் சத்தம். பிறகு, "ஒண்ணியும் இல்லியே. பளிச்சுனு கீது. உனுக்குத்தான் கண்ணுல பூச்சி பறக்குது. மூடிகினு படு."

பிரவீனா சிரித்தேவிட்டாள். போனை வைத்த கையோடு கரண்ட் போனது.

ஃபேன் கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றது. ஃபேன் நின்றால் ஹைவே சத்தமெல்லாம் குபீரென்று உள்ளே வந்துவிடும்; கம்பெனி பஸ் ஹாரன், லாரி பிரேக்கின் கிறீச்சொலி, டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுகிற கிணுகிணுப்பு. இன்று வரவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு யாரோ பேசுவதுபோல எங்கோ முனகியது, அவ்வளவுதான். டீக்கடையிலிருந்து வருகிற பஜ்ஜி எண்ணெய் வாசனை அறுந்துபோயிருந்தது. பவுடர் வாசனைகூட இல்லை. வாசனையே இல்லாத அந்தக் குளிர்ந்த காற்று அவளுக்கு நன்றாகப் பழக்கமானது. தூசி வடிகட்டிய அறையின் காற்று. அது இங்கே எப்படி வந்தது?

"மா, ஃபேன் நின்னுடிச்சி."

ஜெர்சி எழுந்து, தூக்கக் கலக்கத்தில் தவழ்ந்து வந்து, அம்மாவுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். போன் வெளிச்சம் அவள் மூக்கில் நீலமாக விழுந்தது.

"இது இன்னாமா, ஓட்டை?"

"எதுடா கண்ணு?"

குழந்தை விரலை நீட்டினாள். அந்த விரல் திரையைத் தொடவில்லை. திரைக்கு ஒரு சாண் மேலே, காற்றில், அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது.

ஆக, கண்ணில் இல்லை.

இருட்டில் கருப்பு தெரியாது. வெளிச்சத்தை மறைத்தால்தான் தெரியும். இவ்வளவு இருட்டை அவள்தான் தன் கையால், டேப் அடித்து, செய்து வைத்திருந்தாள். இதில் இன்னும் எவ்வளவு இருக்கிறது? எங்கெங்கே இருக்கிறது? தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் மெழுகுவத்திப் பக்கம் ஓட்டினாள். பாதிச் சுடர்தான் இருந்தது. மீதிப் பாதி இல்லை. பிறகு முழுசாக இல்லை. பிறகு மறுபடி வந்தது.

என்னவோ குறுக்கே கடந்து போயிருந்தது.

திரையில் புள்ளி இப்போது ஒரு கைப்பிடி. விளிம்பில் நட்சத்திரங்கள் அணைந்தன. ஒன்று. இன்னொன்று. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடு. ஓடு. கை வரவில்லை. ஆட்டாதே, ஆட்டாதே என்று பழகிய கை.

ஜெர்சி விரலை இன்னும் நீட்டினாள். தொடப்போனாள்.

"வேணாம்!"

கத்தினாள். கத்திய வாயாலேயே, வீட்டில் எந்தத் தாயும் செய்கிறதைப்போல, ஊதிவிட்டாள்.

புள்ளி போய்விட்டது.

நட்சத்திரங்கள் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. மெழுகுவத்தி முழுசாக எரிந்தது. லாரி ஹாரன் காதைப் பிளந்தது, பஜ்ஜி எண்ணெய் கமகமவென்று வந்தது, ஏசுவே, ஏசுவே என்று பிரவீனா அழுதேவிட்டாள். இனி இந்த அறையில் ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது. கதவைத் திறந்து, குழந்தையோடு வெயிலில் போய் நின்றுவிட வேண்டும். எழுவதற்குக் கையை ஊன்றினாள்.

அப்போதுதான் சூப்பர்வைசர் இளம்பரிதி சொன்னது நினைவுக்கு வந்தது. எடந்தான் மாறும்.

"மா," ஜெர்சி கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். "கண்ணுல தூசி வுழுந்துடிச்சிமா."

"கசக்காத. கைய எடு. எடு கண்ணு, அம்மா பாக்கறேன்."

டார்ச்சைப் போட்டாள். கட்டைவிரலால் இமையைத் தூக்கினாள். வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்கும். சுருங்கவில்லை. டார்ச்சின் பளபளப்பு அதில் விழவும் இல்லை. கருப்பு மெல்லப் பரவியது. பழுப்பு போனது. வெள்ளை போனது.

உதடு தானாகக் குவிந்தது. ஊதக் கூடாது. பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லமா. ஜில்லுனு கீது."

மனசு மரத்துப்போய்விட்டது. கைக்கு மட்டும் தன் வேலை தெரிந்திருந்தது. லென்ஸைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் குழந்தையின் மோவாயைப் பிடித்து, நடுங்காமல், மெதுவாக இடது பக்கம் திருப்பினாள். மூக்கு திரும்பியது. உதடு திரும்பியது. கம்மல் போட்ட காது வெளிச்சத்துக்கு வந்தது. கண் இருந்த இடத்தில் நெற்றித் தோல் வழவழவென்று கன்னம் வரைக்கும் இறங்கியிருந்தது.

"போயிடுச்சாமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள் ஜெர்சி.

அந்தக் கருப்பு திரும்பவில்லை. இருந்த இடத்திலேயே, காற்றில் நின்றபடி, பிரவீனாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.