இரண்டு பக்கமும் மாற்றிய வயர்

பழைய சாமான் கடைத் தட்டில் கிடந்த கறுத்த கம்ப்யூட்டர் சிப்பின் மேல் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் விழுந்தன. வெளியே கல்முனை முழுக்க மழை...

"நான்தான் முதல்ல கண்டன்," என்றாள் ஸுஹைறா.

"கண்டாப் போதுமா?" முத்தலிப்பின் கண்கள் சிரித்தன. பாழாய்ப்போன கண்கள்!

எண்பதுகளின் கம்ப்யூட்டர் ஒன்று அவளிடம் இருந்தது. வயர் வழியாக எழுத்தெழுத்தாகச் செய்தி அனுப்பும் அதன் சிப் எரிந்துவிட்டது.

"என்னட்டயும் அப்பிடி ஒண்டு கிடக்கு. கதைக்கத்தான் ஆளில்ல," என்றான். "சிப்ப வெச்சிக்கங்க... ரெண்டையும் தொடுத்துப் பாப்பமா?"

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் அந்தக் கடையின் பின்மேசையில் இரண்டு மெஷின்கள். ஒன்றில் அடித்த எழுத்து மற்றதன் திரையில் கடைசிவரை வரவே இல்லை.

இடையில் அவன் உம்மா பெண் கேட்டு வந்தார். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருக்க வேண்டும். ஸுஹைறாவின் வீடோ அத்திவாரத்தோடு நின்றது. "எனக்கு அவர விருப்பமில்ல," என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கே அவனும் அவள் அண்ணனான காக்காவிடம் கலியாணம் வேண்டாம் என்றானாம்... அவள் நெஞ்சு வெறுத்துப் போனது.

இன்று மெஷினை எடுத்துப்போக வந்திருந்தான்.

"வாற வெள்ளி நிக்காஹ். பொத்துவில்ல."

அவள் வயரின் இரு முனைகளையும் கழற்றிப் பார்த்தாள்.

"உங்கட பக்கம் அனுப்புற வயரயும் வாங்குற வயரயும் மாத்தினது நீங்களா?"

"ஓம். நீங்க முதல்ல கொழுவினது பிழை. உங்களுக்கு வெக்கமா இருக்கும் எண்டு சொல்லல்ல."

"என்ட பக்கம் நானும் மாத்திட்டன்..."

இரண்டு திருத்தமும் சேர்ந்து பழைய பிழையே ஆகிவிட்டது. அவன் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினான்.

"உம்மாட்ட ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"வீடு முடியுமட்டும் நீங்க காத்துக் கிடக்கக் கூடாது எண்டு... நீங்க ஏன் வேணாம் எண்டீங்க?"

"உங்கட காக்கா அந்த வீட்டுக்காக வயல விக்கப் பாத்தாரே..."

அவள் வயரை மேசையில் வைத்தாள்.

"எனக்கு உங்கள விருப்பம். முதல் நாள்லயிருந்தே விருப்பம்."

"பொத்துவில்ல ஒரு புள்ளைக்கு வாக்குக் குடுத்திட்டன், ஸுஹைறா."

"தெரியும். நிக்கச் சொல்லல்ல. பொய்யோட அனுப்ப ஏலாது... அதான் சொன்னன்."

அவன் மெஷினைத் தூக்கிக்கொண்டான். வாசல்வரை போனவன் திரும்பாமலே சொன்னான்.

"நான் காத்திருந்திருப்பன். எத்தின வருசம் எண்டாலும்."