ஆறாயிரம் அட்டை முகங்கள்

வெள்ளிக்கிழமை காலையில் வாஃபிள் என்கிற நாய் ஒரு ஸ்கங்க்கிடம் வம்புக்குப் போய், வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தது.

ஸ்கங்க் பார்க்க அப்பாவியாக இருக்கும். கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைக் கோடு. கோபம் வந்தால் வாலைத் தூக்கிப் பீய்ச்சிவிடும். அப்புறம் மூன்று தெரு தள்ளி இருப்பவர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். வாஃபிள் சமையலறைக்குள் நுழைந்ததும் அப்பா காபிக் கோப்பையோடு வாசலுக்கு ஓடினார். பத்து வயது ஒடெஸ்ஸா சட்டைக் காலரை மூக்குவரை இழுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினாள்.

அண்ணன் டோரியன் மட்டும் அசையவில்லை. மேசையில் உட்கார்ந்து முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நாய் அவன் மடியில் தலையை வைத்திருந்தது. அவன் அதன் காதைச் சொறிந்துகொடுத்தான்.

"எதுக்கு எல்லாரும் ஓடறீங்க?" என்று கேட்டான்.

ஒடெஸ்ஸாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அது பாதியிலேயே நின்றுவிட்டது. அம்மா மருத்துவமனையில் செவிலியர். ஒரு வாரமாக அங்கேயே தங்கி வேலை பார்க்கிறார். கொரோனா வந்த சிலருக்கு வாசனையே தெரியாமல் போய்விடும் என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

அப்பா நாயை வெளியே இழுத்துப்போய்த் தண்ணீர் பீய்ச்ச ஆரம்பித்தார். ஒடெஸ்ஸா சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்றபடி மெல்லக் கேட்டாள்.

"அண்ணா, உனக்கு நாத்தம் தெரியலையா?"

டோரியன் தன் கையை மூக்கருகே கொண்டுபோனான். நாயின் காதைச் சொறிந்த கை அது. ஒரு முறை முகர்ந்தான். இன்னொரு முறை முகர்ந்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"சளியா இருக்கும், டெஸ்ஸி."

"உனக்கு மூக்கே ஒழுகலையே."

"நாளைக்கு ஆட்டம். எனக்கு ஒண்ணுன்னு தெரிஞ்சா சீசனையே மூடிடுவாங்க. ஊரே என்னைத் திட்டும். நீ வாயத் திறக்காத, சரியா?"

அவன் சொன்னது பொய்யில்லை. அந்தச் சின்ன அமெரிக்க ஊரில் கல்லூரிக் கால்பந்து என்றால் திருவிழா. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டோரியன் ஓடுவதைப் பார்க்க மூன்று மாவட்டத்து ஆட்கள் வருவார்கள். மைதான வாசலில் பன்றி விலாவை வாட்டி விற்கும் அப்பா, இந்த வருடம் ஆடியே தீர வேண்டும் என்கிற கட்சி. அம்மா, ஆடவே கூடாது என்கிற கட்சி. போன வாரம்வரை வீட்டில் இரவுச் சாப்பாடு இந்தச் சண்டையோடுதான் இறங்கியது. ஊருக்குள்ளும் இதே கதை. அன்று மாலை ஆறு மணிக்குக் கல்லூரித் தலைவர் ஊரைக் கூட்டி முடிவு கேட்கப்போகிறார்.

அம்மாவுக்குப் போன் செய்யலாமா என்று ஒடெஸ்ஸா யோசித்தாள். செய்தால் அண்ணனைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். செய்யாவிட்டால்? போனைக் கையில் எடுத்தாள், திரும்ப வைத்துவிட்டாள்.

மத்தியானம் அவள் மைதானத்துக்குப் போனாள். ரசிகர்கள் உள்ளே வரக்கூடாது என்று கல்லூரி முன்பே சொல்லிவிட்டது. அதனால் வரமுடியாதவர்கள் தங்கள் புகைப்படத்தை அனுப்பியிருந்தார்கள். அதை ஆள் உயரத்துக்கு அட்டையில் அச்சடித்து, அவரவர் இருக்கையில் கட்ட வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஆளுக்கு இரண்டு வரிசை என்று பிரித்துக்கொண்டு, தள்ளித் தள்ளி நின்று கட்டினார்கள்.

மூன்று மணிக்குள் கிட்டத்தட்ட ஆறாயிரம் அட்டை முகங்கள் உட்கார்ந்துவிட்டன. எல்லாம் சிரித்தன. ஒன்றுகூடக் கண் சிமிட்டவில்லை. ஒடெஸ்ஸா எந்தப் பக்கம் நடந்தாலும் அத்தனை பேரும் அவளையே பார்ப்பது போல இருந்தது. அவள் கட்டின நூறு பேருக்கும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசியாக எடுத்த அட்டையைத் திருப்பியதும் அவள் கை நின்றுவிட்டது.

மிஸ்டர் பெட்டிகுரூ. அவளுடைய பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர். ஜூலையில் புகைப்படம் அனுப்பியிருக்கிறார். ஆகஸ்டில் கொரோனாவில் இறந்துபோனார். அச்சகத்தில் யாருக்கும் அது தெரியவில்லை. தொப்பியைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டுக்கொண்டு, யாரோ ஓடிவருவதற்காகக் காத்திருப்பவர் போலச் சிரித்தார்.

ஒடெஸ்ஸா அவரைத் தூக்கிக்கொண்டு பதினாலாம் வரிசைக்குப் போனாள். எடையே இல்லை. "உட்காருங்க, மிஸ்டர் பெட்டிகுரூ," என்றாள். தினமும் காலையில் அவர்தான் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்வார்.

காற்று அடித்தது. மிஸ்டர் பெட்டிகுரூ தலையை ஆட்டினார்.

அந்த நேரம் பார்த்து மைதானம் உறுமியது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள், கைதட்டினார்கள், காலால் தரையை உதைத்தார்கள். ஆனால் அவளைச் சுற்றி ஒரு வாய்கூட அசையவில்லை, ஒரு கைகூட எழவில்லை. ஒடெஸ்ஸாவுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப்போனது. ஒலிபெருக்கிக்காரர் பழைய ஆட்டங்களின் சத்தத்தைப் போட்டுச் சோதித்துப் பார்க்கிறார் என்று அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அந்தச் சத்தத்துக்குள் எங்கேயோ மிஸ்டர் பெட்டிகுரூவின் குரலும் இருக்கும். அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

கீழே ஆட்டக்காரர்கள் வந்து வரிசையாக நின்றார்கள். தரையில் ஆறடிக்கு ஒரு கோடு. எல்லார் நெற்றியிலும் காய்ச்சல் பார்த்தார்கள். எல்லார் கையிலும் கிருமிநாசினி ஊற்றினார்கள். பயிற்சியாளர் பந்தைக்கூட விடாமல் துடைத்தார்.

அப்புறம் உதவியாளர் அந்தப் பெரிய கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்தார்.

வெள்ளரிக்காய் ஊறிய புளிப்புத் தண்ணீர் அது. ஆட்டத்துக்கு முந்தின நாள் எல்லாரும் ஒரே ஜாடியில் வாய் வைத்து ஒரு மடக்குக் குடித்தால் காலில் தசை பிடிக்காது என்று அறுபது வருடமாக ஒரு வழக்கம். முதல் பையன் முகக்கவசத்தைக் கீழே இறக்கி, குடித்து, பத்திரமாக மறுபடி ஏற்றிக்கொண்டு, ஜாடியை அடுத்தவனிடம் நீட்டினான். இதில் என்ன தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

டோரியன் ஏழாவது ஆள். அவனுக்குப் பின்னால் முப்பது பேர்.

ஒடெஸ்ஸா படிகளில் தடதடவென்று இறங்கினாள். கம்பித் தடுப்பில் முட்டிக்கொண்டு நின்றாள். மேலிருந்தே கத்தியிருக்கலாம். ஆனால் கத்தினால் அண்ணன் அத்தனை பேர் நடுவிலும் கையும் களவுமாகப் பிடிபட்டவன் போல நிற்க வேண்டும். அதற்கு அவளுக்கு மனசு வரவில்லை.

"அண்ணா, ஒரு நிமிஷம் வா. எனக்குப் பயமா இருக்கு," என்றாள். அது நூற்றுக்கு நூறு உண்மை.

ஜாடி ஐந்தாவது ஆளிடம் இருந்தது. டோரியன் வரிசையிலிருந்து விலகி, கொஞ்சம் தள்ளி வந்து நின்றான்.

"என்ன டெஸ்ஸி?"

"மிஸ்டர் பெட்டிகுரூ அங்க உக்காந்திருக்காரு. நான்தான் கட்டினேன்."

டோரியன் நிமிர்ந்து பார்த்தான். பதினாலாம் வரிசையில் அந்தச் சாய்ந்த தொப்பி அவனுக்கும் தெரிந்தது. சின்ன வயதில் அவனும் அந்தப் பேருந்தில்தான் போனான்.

"நான் யார்கிட்டயும் சொல்லல," என்றாள் ஒடெஸ்ஸா. "நீயே சொல்லு. நான் இங்கயே நிக்கறேன். எங்கயும் போகமாட்டேன்."

ஜாடி ஆறாவது ஆளிடம் போவதை டோரியன் பார்த்தான். அப்புறம் திரும்பி, கையை உயர்த்தினான்.

"கோச், அந்த ஜாடியை நிறுத்துங்க. எனக்குக் காலையிலேர்ந்து வாசனை தெரியல."

ஒலிபெருக்கி அப்போதுதான் நின்றிருந்தது. அவன் குரல் மைதானம் முழுவதும் கேட்டது. ஜாடி ஆறாவது ஆளின் கையில் அப்படியே நின்றது.

வரிசையின் கடைசியில் இன்னொரு கை மெதுவாக எழுந்தது. "எனக்கும்தான், கோச். நேத்துலேர்ந்து." அப்புறம் இன்னொரு கை. நடுவில் ஒன்று. கடைசியாக, முதலில் ஜாடியில் குடித்தவனே கையைத் தூக்கினான். ஆக மொத்தம் ஐந்து பேர். ஒவ்வொருவனும் தான் ஒருவன்தான் என்று நினைத்து மறைத்திருக்கிறான்.

பயிற்சியாளர் ஜாடியை வாங்கவில்லை. கீழே வைக்கச் சொல்லிவிட்டு, எல்லாரையும் பரிசோதனைக்கு அனுப்பினார்.

பரிசோதனை முடிந்ததும், ஆறு மணி வாக்கில், அப்பா தன் பிக்கப் வண்டியோடு வந்தார். டோரியன் பின்னால் திறந்த பகுதியில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். ஒடெஸ்ஸா முன்னால் ஏறி, முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டாள். ஜன்னல்கள் திறந்திருந்தன. அப்பா திட்டப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.

"எத்தனை பேரு?" என்று கேட்டார் அப்பா.

"அஞ்சு."

அவர் பின்கண்ணாடியைத் தட்டினார். "மூச்சு விடக் கஷ்டமா இருக்காடா?"

"இல்லப்பா."

"இருந்தா சொல்லணும்."

"சொல்றேன்ப்பா."

வெளியே போகும் வழியை ஊர்க் கூட்டம் அடைத்திருந்தது. வாகன நிறுத்தத்தில் முந்நூறு வண்டிகள் வரிசையாக நின்றன. ஒருவரும் கீழே இறங்கவில்லை. இருட்டத் தொடங்கியிருந்ததால் கண்ணாடிக்குப் பின்னால் முகங்கள் தெரியவில்லை. அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். கல்லூரித் தலைவர் வானொலியில் பேசினார். ஐந்து பேருக்கு உடம்பு சரியில்லை, நாளை ஆட்டம் கிடையாது. மிச்ச சீசனை என்ன செய்யலாம்? ஆடலாம் என்பவர்கள் ஹார்ன் அடியுங்கள். வேண்டாம் என்பவர்கள் முகப்பு விளக்கைப் போடுங்கள்.

ஹார்ன்கள் அலறின. ஒடெஸ்ஸா காதைப் பொத்திக்கொண்டு அப்பாவின் கையைப் பார்த்தாள். அது ஹார்ன் மேல்தான் இருந்தது. ஆனால் அழுத்தவில்லை.

சத்தம் அடங்கியது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில விளக்குகள் எரிந்தன. அப்பா பின்கண்ணாடி வழியாக ஒரு முறை டோரியனைப் பார்த்தார். விளக்கைப் போட்டார்.

பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். இந்த ஊரில் ஆட்டம் வேண்டும் என்று அப்பாவைவிடச் சத்தமாகக் கத்தியவர் யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஒரு நிமிடம் கழித்து அவர் விளக்கும் எரிந்தது. அதற்கு அடுத்ததும் எரிந்தது. பிறகு வரிசை வரிசையாக, சத்தமே இல்லாமல், வாகன நிறுத்தம் முழுவதும் வெளுத்தது. கண்ணாடிகளுக்குப் பின்னால் இப்போது முகங்கள் தெரிந்தன. ஒடெஸ்ஸாவுக்கு அதில் பாதிப் பேரைத் தெரியும்.

பின்னால் டோரியன் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

"கண்ணு கூசுதுப்பா."

"கூசட்டும்," என்றார் அப்பா. விளக்கை அணைக்கவில்லை.