நாய்களுக்குப் பக்கத்து வீடு

போமிக்குப் பத்து வயது. இந்த வயதுக்குள் அவள் இருபத்திரண்டு வீடுகளைப் பார்த்து முடித்திருந்தாள். அவற்றில் ஒன்றுகூட அவர்களுக்கு அமையவில்லை. சனிக்கிழமை என்றாலே இப்போதெல்லாம் அவளுக்குக் கால் வலிக்கத் தொடங்கிவிடும்.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜூலை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இருபத்து மூன்றாவது வீட்டின் வாசலில் நான்கு பேரும் காலணிகளைக் கழற்றினார்கள். அது காலி வீடு, யாரும் கழற்றச் சொல்லவில்லை. ஆனாலும் அப்படியே உள்ளே போக அவர்களுக்கு மனசு வராது.

முன்னால் நடந்தவர் பாங் பெரியம்மா. அவர் சொந்தப் பெரியம்மா இல்லை, வீடு வாங்கித் தரும் தரகர். அப்பாவும் அம்மாவும் கொரியாவிலிருந்து வந்து ஆறு வருடமாகியும் ஆங்கிலம் அவர்களுக்குப் பிடிகொடுக்கவில்லை. முதலில் வேறொரு தரகரிடம் போனபோது போமிதான் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். கடன், வட்டி, கூரை உத்தரவாதம் என்று பள்ளியில் சொல்லித்தராத வார்த்தைகளாக வந்து விழுந்தன. ஒருநாள் அழுதேவிட்டாள்.

அதன் பிறகுதான் கொரிய மொழி பேசும் பாங் பெரியம்மாவைத் தேடிப் பிடித்தார்கள். போமிக்கு அப்பாடா என்றிருந்தது.

அப்பாவுக்கு தோஃபு என்கிற சோயாக்கட்டி செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில்தான் தூங்குவார். அவர் தூங்கும்போது போமி வீட்டில் பூனை மாதிரி நடக்க வேண்டும். அவளுக்கென்று தனி அறை கிடையாது. கூடத்தில் ஒரு திரையைக் கட்டி, அதற்குப் பின்னால் படுத்துக்கொள்வாள்.

இந்த வீட்டின் மாடியில் ஒரு மஞ்சள் அறை இருந்தது. பெரிய ஜன்னல், வெளியே ஒரு மரம், மரத்தில் ஓர் அணில். கட்டிலை எங்கே போடுவது என்றுகூட போமி முடிவு செய்துவிட்டாள்.

அப்போதுதான் நாய் குரைத்தது. ஒன்று குரைக்க, நாற்பது பதில் சொன்னது போலிருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் நாய்கள் விடுதி இருக்கிறது என்றும், ஊருக்குப் போகிறவர்கள் நாய்களை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள் என்றும் பெரியம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நாய் இருந்தா நல்லதுதான் அக்கா. திருடன் வரமாட்டான்" என்றார் அப்பா.

"எனக்கு நாய்னா ரொம்பப் பிடிக்கும்" என்றாள் அம்மா.

போமி அம்மாவை வெறித்துப் பார்த்தாள். குட்டி நாயைக் கண்டாலும் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுகிற அம்மா இது.

பெரியம்மா மாடிப்படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் அம்மா அப்பாவிடம் கிசுகிசுத்தது போமியின் காதில் விழுந்தது.

"அஞ்சு மாசமா நமக்காக அலையறாங்க. பாருங்க, முட்டி எப்படி வீங்கியிருக்குன்னு. இன்னொரு தடவை வேண்டாம்னு எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

"சொல்ல வேண்டாம், சரின்னுடலாம். நான் காதுல பஞ்சு வெச்சுக்கறேன்" என்றார் அப்பா. அவர் கண்கள் சிவந்திருந்தன. காலையில் வேலையிலிருந்து வந்தவர் இன்னும் படுக்கவில்லை.

அவர்கள் கூடத்துக்கு வந்து, வீடு பிடித்திருக்கிறது என்று சொன்னார்கள். பெரியம்மா கையடக்கக் கணினியைத் திறந்தார். வீட்டுக்காரர் கேட்கும் விலைக்கே வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதி அனுப்ப வேண்டியதுதான், விரலால் கையெழுத்துப் போட்டால் போதும்.

போமி வாயைத் திறக்காமல் இருந்தால் மஞ்சள் அறை அவளுக்குத்தான். அணிலும் அவளுக்குத்தான். அவளும் கொஞ்ச நேரம் வாயை இறுக்க மூடிக்கொண்டுதான் நின்றாள். ஆனால் அப்பாவின் சிவந்த கண்களைப் பார்க்கப் பார்க்க அவளால் அப்படியே நிற்க முடியவில்லை.

"அப்பா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் படுத்துப் பாருங்களேன்."

அப்பாவுக்கு அதைவிட நல்ல யோசனை எதுவும் தோன்றவில்லை. கீழே இருந்த படுக்கையறைக்குப் போய்த் தரையிலேயே நீட்டிப் படுத்தார். தபால் நிலைய வரிசையில் நின்றபடியே தூங்கியவர் அவர். பார்த்த இருபத்திரண்டு வீட்டிலும், அம்மா குழாய்களைத் திறந்து பார்த்து முடிப்பதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டிருக்கிறார்.

இங்கே முடியவில்லை. ஒவ்வொரு குரைப்புக்கும் அவர் கால் துள்ளியது. புரண்டு படுத்தார், காதைப் பொத்திக்கொண்டார். பத்து நிமிடம் கழித்து எழுந்து உட்கார்ந்தபோது முன்பைவிடக் களைத்திருந்தார்.

அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா கேட்டார். "தம்பி, நிஜமாவே இந்த வீடு பிடிச்சிருக்கா?"

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தாள்.

"அவங்களுக்குப் பிடிக்கல பெரியம்மா. உங்களை மறுபடி அலைய வெக்கக் கூடாதுன்னு பாக்கறாங்க" என்றாள் போமி. "எனக்கு மட்டும்தான் பிடிச்சிருக்கு. ஆனா நான் ராத்திரியில தூங்கறவ."

பெரியம்மா கணினியை அணைத்துப் பைக்குள் போட்டார். "எனக்கும் பிடிக்கல. வண்டியை நிறுத்தினப்பவே பிடிக்கல. நீங்க ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்களேன்னு, இதையாவது முடிச்சுக் குடுத்துடலாம்னு நெனச்சேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அதில் சிரிப்பு எவ்வளவு, அசதி எவ்வளவு என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

போமி மட்டும் மஞ்சள் அறையை இன்னொரு முறை பார்க்க மாடிக்குப் போனாள். பின்னாலேயே ஒவ்வொரு படியாகப் பெரியம்மா ஏறி வந்தார்.

"எல்லார்கிட்டயும் கேட்டேன். உன்கிட்ட கேக்கவே இல்லையே. உனக்கு என்ன வேணும்?"

"ஜன்னல் இருக்கற ரூம். வெளியில மரம் இருந்தா நல்லது" என்றவள், கொஞ்சம் யோசித்து, "அணில் இல்லாட்டியும் பரவாயில்ல" என்றாள்.

பெரியம்மா அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார், அணிலையும் சேர்த்து.

திரும்பும் வழியில், வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் அப்பா தூங்கிவிட்டார். அடுத்த சிக்னலில் அம்மாவும் அவர் தோளில் சாய்ந்துவிட்டாள்.

அவர்கள் குடியிருக்கும் கட்டடம் வந்தது. பெரியம்மா கண்ணாடியில் பின்னிருக்கையில் தூங்கும் இருவரையும் பார்த்தார். பிறகு வண்டியை நிறுத்தாமல் மெதுவாக இன்னொரு சுற்று விட்டார்.

இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது என்று போமியும் சொல்லவில்லை.