கொம்பில் ஒரு கைரேகை

"ஐயோ... யாராவது வாங்களேன்...!"

ஹெஸ்டர் கியர்ட்டனின் அலறல் மலைச்சரிவில் மோதித் திரும்பியது.

ஓடையோரத்து ஆட்டுப்பட்டி. கல் சுவருக்கு வெளியே ஒருவன் குப்புறக் கிடந்தான். விலை உயர்ந்த கோட்டு. முகம் தண்ணீருக்குள். பின்மண்டையில்... வேண்டாம், காலைச் சாப்பாட்டு நேரம்.

பக்கத்தில் ஒரு கல். கல்லில் ரத்தம்!

செத்தவன் க்ரிஸ்பின் ஹால்டேன். நில ஏஜெண்ட். யார்க்‌ஷயர் மலையில், கில்பெக் பள்ளத்தாக்கில், பாதிப்பேர் அவனை மனதுக்குள் சபித்தார்கள்.

ஒரே ஒருவன் வாய்விட்டுச் சபித்திருந்தான்.

ஹெஸ்டரின் கணவன், ஆமோஸ்!

அதுவும் முந்தின நாள் மத்தியானம்... ஊர் மண்டபத்தில்... அத்தனை பேர் முன்னால்!

லண்டனிலிருந்து டாக்டர் இமோஜன் லாதம் வந்திருந்தாள். சுற்றுச்சூழலுக்காக நிலத்தைப் பராமரிக்கும் விவசாயிக்கு அரசாங்கம் என்ன பணம் தரலாம் என்று ரேட் நிர்ணயிக்கும் அதிகாரி.

"கணக்கு சிம்பிள்" என்றாள். "மலையில ஆடு மேயாம இருந்தா பாசி வளரும். நிலம் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். கீழே இருக்கற டவுன் வெள்ளத்துல மூழ்காது. ஆட்டை இறக்கறதால உங்களுக்கு என்ன வருமானம் போகுதோ, அதை நாங்க தருவோம்."

ஆமோஸ் எழுந்தான்.

"எனக்கு வருஷா வருஷம் ஆட்டுல நஷ்டம்தாம்மா. நஷ்டம் மிச்சமாச்சேன்னு நான் உங்களுக்குப் பணம் கட்டணுமா?"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது.

"சராசரி எடுத்துத்தான் ரேட் போடுவோம். ஆனா... இந்தத் தடவை மலை ரேட் குறையும்."

சிரிப்பு நின்றது.

ஹால்டேன் தொண்டையைச் செருமினான். "கேட்டீங்கல்ல? குத்தகையை இப்பவே எனக்கு விட்டுக் குடுத்தா கையில ஏதாவது மிஞ்சும். பக்கத்துப் பண்ணை வில்ஃப் ஐவ்சன் கையெழுத்துப் போட்டாச்சு. புத்திசாலி!"

வில்ஃப் தலையைக் குனிந்துகொண்டான்.

"இந்த மலையில பிறந்த ஆட்டுக்குத்தான் இந்த மலையோட எல்லை தெரியும்" ஆமோஸ் இன்னும் உட்காரவில்லை. "தாய் குட்டிக்குச் சொல்லிக் குடுக்கறது. ஒரு தடவை இறக்கிட்டா அந்த அறிவே போச்சு! அதுக்கு என்ன ரேட்டும்மா போடுவீங்க? ஆட்டை நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?"

"தட்டுல பாத்திருக்கேன்" என்றாள் இமோஜன்.

ஆமோஸ் ஹால்டேன் பக்கம் திரும்பினான்.

"என் பட்டிப் பக்கம் காலை வெச்சே... பொணமாத்தான் போவே!"

அதே பட்டி. அதே பிணம்.

ஆமோஸின் கைகளில் விலங்கு!

*

"இன்ஸ்பெக்டரம்மா... இவரு கோழி அறுக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவாரு" ஹெஸ்டர் விசும்பினாள். "அடுத்த வாரம் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கணும். இவரு இல்லேன்னா குத்தகை போயிடும். பண்ணையும் போய், இவரும் ஜெயிலுக்குப் போயிட்டா..."

ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் டைனா கால்வர்ட் அவள் தோளைத் தொட்டாள். ஆறுதல் சொல்லவில்லை. அடுப்பருகே போய்த் தானே டீ போட்டு, ஹெஸ்டரின் கையில் கோப்பையை வைத்தாள். சில நேரங்களில் ஜெபம் அந்த வடிவத்தில்தான் வரும்.

வெளியே ஒரு சத்தம்!

"மேடம்! ஒருத்தன் மாட்டினான்!"

சார்ஜண்ட் பிக்கரிங். லீட்ஸ் நகரத்துப் பையன். கெண்டைக்கால்வரை சாணி. அவன் பிடியில் வில்ஃப் ஐவ்சன்!

"தொழுவத்துலேர்ந்து பதுங்கிப் பதுங்கி வந்தான் மேடம். தடயத்தை அழிக்கத்தான்!"

"என்னத்தை அழிச்சேன்?" வில்ஃப் எரிந்து விழுந்தான். "ஆமோஸோட நாய்ங்க பட்டினி கிடந்துச்சு. சோறு வெச்சேன். மாட்டுக்குத் தண்ணி காட்டினேன். அதுக்கும் சட்டம் இருக்கா?"

"அதை ஏன் திருட்டுத்தனமா செய்யணும்?"

வில்ஃப் ஹெஸ்டரைப் பார்க்காமல் சொன்னான்.

"கையெழுத்துப் போட்டவன் நான். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு முன்வாசல் வழியா வர்றது?"

ஹெஸ்டர் இன்னொரு கோப்பையில் டீ ஊற்றினாள்.

*

மலையேறும்போது பிக்கரிங் மூச்சு வாங்கினான்.

"மேடம், அந்த ஆட்டைப் பாருங்க. கொம்புல, முதுகுல எல்லாம் சிவப்பு மை. கியர்ட்டன் பண்ணையோட குறிதானே?"

டைனா நின்றாள்.

"கியர்ட்டன் குறி நீலம்யா."

"அப்போ அது...?"

"ரத்தம்!"

கூட வந்த வில்ஃபின் நாய் அந்த ஆட்டைச் சுவரோரம் மடக்கியது. டைனா குனிந்து பார்த்தாள். முதுகின் இரு பக்கமும் கம்பளியில் கை பிடித்த கறை. இடது கொம்பில் ரத்தத்தில் பதிந்த ஒரு கட்டைவிரல் ரேகை!

"கொலைகாரன் போற வழியில ஆட்டைக் கட்டிப் பிடிச்சானா மேடம்? துக்கம் விசாரிக்கவா?"

"கத்தரிக்கிறதுக்கு முந்தி மயிர் கனமா இருக்கும். ஆடு உருண்டா மல்லாந்துடும். தானா எழுந்திரிக்காது. வயிறு உப்பிச் சாகும். அதுக்குள்ள காக்கா வந்து உயிரோட கண்ணைக் கொத்தும்."

"ஐயோ..."

"அதைப் பாத்துட்டு இந்தப் பக்கத்துல ஒருத்தனும் தாண்டிப் போகமாட்டான். கல்யாணத்துக்குப் போனாலும் சரி, சாவுக்குப் போனாலும் சரி. கொம்பைப் பிடிச்சுப் புரட்டி, தலைசுத்தல் போறவரைக்கும் காலுக்கு நடுவுல தாங்கிப் பிடிச்சிட்டுத்தான் போவான்."

"கொலை பண்ணிட்டு ஓடற அவசரத்துலயுமா?"

"கை தானா செய்யும்யா. மனசைக் கேட்காது."

பிக்கரிங் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அப்போ ஆமோஸ்தானே மேடம்? அவன் ஆடு!"

"ரேகை சொல்லட்டும்."

ரேகை சொன்னது. ஆமோஸ் இல்லை!

ஆனால் மேலதிகாரி போனில் சீறினார். "ஆட்டைத் தொட்டவன் ஒருத்தன், ஆளைக் கொன்னவன் ஒருத்தன்னு கோர்ட்ல சொல்வாங்க. அந்த விரலுக்குச் சொந்தக்காரனைக் கொண்டு வா. அதுவரைக்கும் ஆமோஸ் உள்ளேதான்!"

டைனா போனை வைத்தாள்.

"ஊர்ல எல்லார்கிட்டயும் ரேகை வாங்கணுமா மேடம்?"

"வாங்க வேண்டாம். அவங்களே குடுப்பாங்க."

*

பள்ளத்தாக்கைவிட்டு வெளியேற ஒரே சாலை. மறுநாள் காலை அதன் ஓரத்து வயலில் ஓர் ஆடு மல்லாந்து கிடந்து காலை உதைத்தது.

கொம்புகள் பளிச்சென்று துடைக்கப்பட்டிருந்தன.

சுவருக்குப் பின்னால் டைனா, பிக்கரிங், ஹெஸ்டர்.

முதலில் பாதிரியாரின் கார். பிரேக்! அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வழுக்கினார். சேற்றில் உட்கார்ந்தார். எழுந்து ஆட்டைப் புரட்டிவிட்டுத்தான் தன்னைத் துடைத்துக்கொண்டார்.

பிக்கரிங் கொம்பில் ரேகை எடுத்தான். "ஆண்டவர் காப்பாத்தினார். இவர் இல்லை!"

கொம்பைத் துடைத்து, ஆட்டை மறுபடி மல்லாத்தினார்கள். அடுத்து தபால்காரம்மா. இல்லை.

அடுத்து வில்ஃப். இறங்கினான். புரட்டினான். ஆட்டின் காதருகே ஏதோ திட்டினான்.

பிக்கரிங் ஆவலாகக் கொம்பில் குனிந்தான்.

"சே... இவனும் இல்லை மேடம்!"

மூன்று பேர். மூன்று பேரும் நின்றார்கள். இந்த உலகத்தை ஆண்டவன் இன்னும் கைவிடாததற்குக் காரணம் கேட்டால், அந்தச் சாலையைக் காட்டலாம்.

"போதும் இன்ஸ்பெக்டரம்மா" ஹெஸ்டர் கிசுகிசுத்தாள். "பாவம், ஆட்டுக்குத் தலை சுத்துது."

"இன்னும் ஒரே ஒரு தடவை ஹெஸ்டர். உங்க வீட்டுக்காரருக்காக."

ஹெஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு ஆட்டை மல்லாத்தினாள்.

கறுப்புக் கார் ஒன்று வேகமாக வந்தது. டாக்டர் இமோஜன் லாதம், லண்டன் திரும்புகிறாள்.

ஆட்டைக் கடந்தது. வளைவு வரை போனது...

"லண்டன்காரி" பிக்கரிங் உதட்டைப் பிதுக்கினான். "தட்டுல வந்தாத்தான் தெரியும்."

பிரேக் விளக்குகள் சிவந்தன!

கார் நின்றது. அசையாமல் நின்றது. பிறகு மெல்ல... பின்னோக்கி வந்தது!

இமோஜன் இறங்கினாள். இரு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை. வழவழப்பான காலணியோடு சுவரை ஒரே தாவு! இடது கை கொம்பில். வலது கை கம்பளியில். ஒரே புரட்டு. ஆட்டைக் கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு தாங்கினாள்.

"நில்லு கண்ணு... அவசரப்படாதே... கிறுகிறுப்பு போகட்டும்..."

லண்டன் பேச்சு இல்லை. சுத்தமான மலைநாட்டுப் பேச்சு!

"நல்லா பழக்கம் போல இருக்கே டாக்டர்?"

இமோஜன் நிமிர்ந்தாள். டைனாவைப் பார்த்தாள். ஆனால் ஆட்டைப் பிடித்த கையை விடவில்லை.

பிக்கரிங் கொம்பைப் பார்த்தான். பையிலிருந்த படத்தைப் பார்த்தான்.

"மேடம்... இதேதான்!"

"ஏன்?" டைனா ஒரே வார்த்தை கேட்டாள்.

"மலை ரேட் குறையப் போறதில்லை" இமோஜன் தரையைப் பார்த்துச் சொன்னாள். "மூணு மடங்கு ஏறப்போகுது. நான்தான் போட்டேன். அந்த ரகசியத்தை முன்கூட்டியே ஹால்டேனுக்கு வித்தேன். குத்தகை யார் கையில இருக்கோ அவங்களுக்குத்தான் அந்தப் பணம். அதனால, குறையும்னு சொல்லி விவசாயிங்களைப் பயமுறுத்தச் சொன்னான். சொன்னேன்."

இமோஜன் ஹெஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"கூட்டத்துல உங்க வீட்டுக்காரர் பேசினாரே... எங்கப்பா பேசற மாதிரியே இருந்துச்சு. மலைக்கு அந்தப் பக்கம் அவரும் குத்தகைக்காரர்தான். இதே மாதிரி ஒருத்தன் மிரட்டித்தான் எழுதி வாங்கினான். சாயங்காலம் பட்டிகிட்ட ஹால்டேனைப் பாத்து, எல்லாத்தையும் ஒத்துக்கப் போறேன்னு சொன்னேன். சிரிச்சான். 'ஜெயில்ல கம்பி எத்தனைன்னு சராசரி எடுப்பியா?'ன்னு கேட்டான். கையில கல்லு இருந்துச்சு..."

"என் புருஷனை உள்ளே வெச்சிட்டு ஊருக்குக் கிளம்பினியேடி!" ஹெஸ்டர் வெடித்தாள்.

இமோஜன் ஆட்டின் கொம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"இது பொறிதான்னு கார் தாண்டும்போதே தோணுச்சு" என்றாள் மெல்ல. "ஆனா சுவர் மேல ஒரு காக்கா உக்காந்திருந்துச்சு."

டைனா விலங்கை எடுத்தாள். பிறகு காத்திருந்தாள். ஆட்டின் கால்கள் உறுதியாக ஊன்றும்வரை.

ஹெஸ்டர் கண்களைத் துடைத்தாள். அழுக்கான தன் கைக்குட்டையை ஒரு கணம் பார்த்தாள். இமோஜனின் சேறு படிந்த கைகளைப் பிடித்து, விலங்கு ஏறுவதற்கு முன், துடைத்துவிட்டாள்.

அப்போதுதான் இமோஜன் அழுதாள்.

பிக்கரிங்குக்கு அழுகை பிடிக்காது. அவசரமாகத் திரும்பிக்கொண்டான்.

"மேடம்! நம்ம முக்கிய சாட்சி வாக்குமூலம் குடுக்காம மேயப் போகுது!"

டைனா போனை எடுத்து, ஆமோஸை விடுவிக்கச் சொல்ல எண்களை அழுத்திக்கொண்டே சொன்னாள்:

"போகட்டும்யா... எந்த வக்கீலாலயும் அதைப் பிறழ்சாட்சி ஆக்க முடியாது!"